குடியிருப்பாளர் ஒருவர் சொன்னது

அந்த வீட்டுக் கதவை யார் தட்டினாலும் உள்ளேயிருந்து வருகிற பதில் ஒன்றுதான். "இருக்கோம், இருக்கோம்! நாலு பேர் இருக்கோம்!" அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, தலையில் சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றாலும் சரி, முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் அம்மாவின் தொண்டை முந்திக்கொள்ளும். பார்சல் கொண்டுவருகிறவர் ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஒருத்தர் வந்து கையெழுத்து போட்டா போதும்மா, நாலு பேரும் எதுக்கு?" அம்மா சிரிக்கவில்லை. "சரி சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தப் பார்சல்காரருக்கு இருபது வயதுகூட இருக்காது. ஊரே 'தம்பி' என்று கூப்பிடுகிற வயது. அம்மாவுக்கு மட்டும் அவர் சார். காய் விற்கிறவர் சார், பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பொடியனும் சார்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர். அம்மா, அப்பா, மகள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் ஏதாவது ஒரு கட்டடத்தின் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார். "யாரு அந்த நாலாவது ஆளு? ஒருநாள் என் கண்ணுலயும் காட்டேன்" என்று கல்யாணமான புதிதில் ஆரம்பித்தவர், பதில் வராமலேயே கேட்டுக் கேட்டு, அதையும் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாக ஆக்கிவிட்டார். அம்மா எங்கே கிளம்பினாலும் கூடத்து விளக்கையும் ரேடியோவையும் போட்டுவிட்டுத்தான் பூட்டுவாள். திருடனுக்குப் பயம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, வாரம் ஒருமுறை போன் செய்வாள். எடுத்ததும், "கொசு இருக்காளா?" என்பாள். சின்ன வயதில் அம்மா அவ்வளவு ஒல்லியாம். இப்போது அந்தக் கொசு சோபாவில் உட்கார்ந்தால் மற்றவர்கள் நாற்காலி தேட வேண்டும். ஆனாலும் பெரியம்மாவுக்குக் கொசு கொசுதான். அப்படிக் கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்ததும் பெரியம்மா ஒருத்திதான்.

மகளுக்கு வீட்டில் 'ஆராய்ச்சி' என்று பெயர். வைத்தது அப்பா. நகரவியல் துறையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தெருக்கள் எப்படிப் பிறக்கின்றன, யாரால் சாகின்றன என்பது அவள் படிப்பு. படிப்போடு சேர்த்து, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பும் எடுத்தாள். ஆதாரங்களைத் தேடுவது எப்படி, தேடிக் கிடைத்ததை எடைபோடுவது எப்படி, எடுத்தாண்டதை ஒழுங்காகக் குறிப்பிடுவது எப்படி என்கிற வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு வேறு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அவள் அசரமாட்டாள். பலகையில் மூன்று கேள்விகளை எழுதிப்போடுவாள். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லும்போது எங்கே நின்றுகொண்டிருந்தார்? மூன்றாவது கேள்வி அவளே கண்டுபிடித்தது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மேடம், ஒவ்வொரு வரிக்கும் வேர் வரைக்கும் தோண்டிட்டே இருந்தா நாங்க எப்பப் படிக்கிறது, எப்பத் தூங்குறது?"

"தூங்கறதுக்குத்தான் இந்த வகுப்பு இருக்கே" என்றாள் இவள். வகுப்பு சிரித்தது. ஆனால் இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களுடைய பாடப்புத்தகத்தைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். "இதோ இந்த வரி. இதை நான் வேர் வரைக்கும் தோண்டிட்டு வந்து காட்டறேன்."

விரல் பட்ட வரி இது: 'கால்வாய்ச் சாலை அகலப்படுத்தப்பட்டபோது கீழ்க்கரையின் ஏழாம் பிரிவு ஏற்கெனவே ஆளற்றுக் கிடந்தது.'

கால்வாய்ச் சாலை அந்த நகரத்தின் பெருமை. ஆறு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். ஒரு ஆளையும் விரட்டாமல் போட்ட சாலை என்று வெளியூர் அதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். அந்தப் பெருமை முழுக்க இந்த ஒரு வரியின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை, மாணவர்கள் வாயில் 'பெரிய மேடம்', விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா இருக்கே. வகுப்போட நிறுத்தாத. உன் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமாவே போடு" என்றார். அதோடு விளையாட்டு வினையாகிவிட்டது.

தோண்டத் தோண்ட ஒன்று விளங்கியது. கீழே போகப் போக அந்த வரி பணிவாகிக்கொண்டே வந்தது. பாடப்புத்தகம் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் காட்டியது. கட்டுரையில் 'ஆளற்றுக் கிடந்தது' இல்லை. 'குடியிருப்பாளர்கள் தாமாகவே வெளியேறிவிட்டிருந்தனர்' என்று இருந்தது. கட்டுரை நகரத் திட்ட அலுவலகத்தின் அறிக்கையைக் காட்டியது. அறிக்கையில், 'பிரிவு காலியாகிவிட்டதாகத் தெரியவருகிறது; எனவே தனித்தனி நோட்டீஸ் அவசியப்படவில்லை; குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.' மேலே ஏறும்போது வழியில் 'தெரியவருகிறது' எங்கோ உதிர்ந்துபோயிருக்கிறது. யார் கையிலிருந்து உதிர்ந்தது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டு, மறக்காமல் அடிக்குறிப்பும் போட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடிக்குறிப்பு மட்டும் எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்தது. ஆண்டு, பக்கம், கமா, புள்ளி, ஒன்றிலும் குறை சொல்ல முடியாது.

அறிக்கை காட்டியது ஒரு களக்குறிப்பை. கணக்கெடுப்புக்காக அலுவலகம் கூலிக்கு அமர்த்திய ஒரு கல்லூரி மாணவர் தட்டச்சு செய்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் பழையது; அவள் படிக்கிற பல்கலைக்கழகத்தின் ஆவண அறையில் தூசியோடு தூசியாகக் கிடந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் 'தும்மல் சார்' என்பார்கள். பாவம், தூசி ஆகாத உடம்புக்குத் தூசியில் உத்தியோகம். அவர் தும்மிக்கொண்டே தேடிக் கொடுத்த தாளில் அவள் தேடிய வரி இருந்தது.

'குடியிருப்பாளர் ஒருவர் (பெண்) தெரிவித்தபடி, இப்பிரிவில் தற்போது எவரும் குடியிருக்கவில்லை. நாடா 11.'

வாசிக்கும் அறை என்பதையும் மறந்து அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். குடியிருப்பாளர் ஒருவர் சொன்னாராம், யாரும் குடியிருக்கவில்லை என்று! இத்தனை வருஷம், இத்தனை பேர், இத்தனை பட்டங்கள். ஒருத்தருக்காவது இந்த வரியைப் படித்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? வந்திருக்காது. ஒருத்தரும் இந்தத் தாள் வரைக்கும் இறங்கி வந்ததில்லை. மேலே இருந்தபடியே கையை நீட்டி எடுத்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும்.

பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் அந்த வரி வேறு மாதிரி உள்ளே இறங்கியது. அப்படியானால் அங்கே ஆள் இருந்திருக்கிறது. யாருமில்லை என்று எழுதிவைத்த தெருவில் நின்றுகொண்டு ஒரு பெண் யாருமில்லை என்று சொல்லியிருக்கிறாள்.  

"நாடா பதினொண்ணு இருக்குமா சார்?" என்று தும்மல் சாரிடம் கேட்டாள்.

இருந்தது. பூஞ்சை பிடித்த கேசட். சுத்தம் செய்து, கம்ப்யூட்டருக்கு மாற்ற அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. கொடுக்கும்போது, "ஒரு நிமிஷம்கூட ஓடலம்மா. கதவு தட்டுற சத்தமே பாதி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தும்மாமல் ஒரு நொடி நின்று, "தனியா உக்காந்து கேளு" என்றார்.

ஆவண அறையின் மூலையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள்.

செருப்புச் சத்தம். தூரத்தில் எங்கோ இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். ஒரு இளைஞர் தேதியைச் சொல்கிறார். ஏழாம் பிரிவு, கடைசிக் கதவு என்கிறார். மற்ற கதவுகளில் பதில் இல்லை என்கிறார். பிறகு தட்டுகிறார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டுகிறார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பெண் என்று எழுதியிருந்தாரே அந்த மகானுபாவர், அது ஒரு குழந்தையின் குரல். பத்து வயது இருந்தால் அதிகம்.

"இங்க யாரும் இல்ல."

"வீட்டுல பெரியவங்க இருக்காங்களா பாப்பா?"

"யாரும் இல்ல. இந்தத் தெருவுலயே யாரும் இல்ல. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நீ?"

 நாடா உரசுகிற ஒலி மட்டும்.

"நானும் போயிட்டேன்."

இளைஞர் சிரிக்கிறார். கெட்ட சிரிப்பு இல்லை. வேடிக்கையான பிள்ளை என்கிற சிரிப்பு. "சரி பாப்பா" என்கிறார். செருப்பு திரும்புகிறது. அவர் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், கதவுக்குப் பின்னால் இன்னொரு குரல், இன்னும் சின்னது, மூக்கடைத்த குரல், கேட்கிறது.

"யாரு கொசுக்கா?"

உஸ் என்று யாரோ அதட்டுகிறார்கள். நாடா நின்றுவிடுகிறது.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. கை வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொசு என்று பட்டப்பெயர் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவளே நம்பவில்லை. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான், சின்னதிலேயே போய்விட்டான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். போட்டோகூடக் கிடையாது. அவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள், கழுவிய பாத்திரத்தையே. முகமே தெரியாத தன் தாய்மாமனின் குரலை அவள் இப்போது கேட்டுவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வந்தது பயம்.

அன்றைக்கே பெரியம்மாவுக்கு போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்பது போல, "பெரியம்மா, உங்க பழைய வீடு எங்க இருந்தது?" என்றாள்.

"அதான் இப்ப ரோடாயிடுச்சே, கால்வாய் ரோடு. ஏன் கேக்குற?"

"படிப்புக்குத்தான்."

ஏழாம் பிரிவு என்று சொல்லியிருந்தால் பெரியம்மாவுக்குப் புரிந்திருக்காது. அது காகிதத்தில் மட்டும் இருந்த பெயர். அங்கே இருந்தவர்களுக்கு அது வெறும் 'நம்ம தெரு'. பெரியம்மா ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பகலில் பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்களாம், பதினாலு வயதுப் பெரியம்மா உட்பட. சின்னது இரண்டும் வீட்டில் இருக்குமாம். "அப்ப நோட்டீஸ் குடுக்க வருவாங்கன்னு பேச்சு. கையில வாங்கிட்டா காலி பண்ணியே ஆகணும். அதனால யார் கதவைத் தட்டினாலும் திறக்காதீங்க, யாரும் இல்ல, எல்லாரும் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்கன்னு தெரு முழுக்கப் பிள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருந்தோம். மத்ததுங்க பயந்துகிட்டு மூச்சே விடாதுங்க. கொசுவுக்குத்தான் வாய் ஜாஸ்தி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒருநாள் தண்ணி நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு, யார் நிறுத்தினாங்க, ஒண்ணும் தெரியல. கால்வாய்த் தண்ணிய வடிகட்டிக் குடிச்சோம். எங்களுக்கெல்லாம் வயித்து வலியோட போச்சு. அவனுக்குத் தாங்கல." பெரியம்மா மூச்சு வாங்கினாள். "இதெல்லாம் கொசுகிட்டப் போய்க் கேட்டுடாதடி. அவதான் அவனைத் தூக்கி வளர்த்தா. அவ தாங்கமாட்டா."

ஏன் நின்றது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தெருவில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. இவளுக்குத் தெரியும். அறிக்கையின் நகல் இவள் பைக்குள்தான் இருந்தது. யாருமில்லை என்பதால் தண்ணீரை நிறுத்தினார்கள். யாருமில்லை என்று சொன்னது ஒரு குடியிருப்பாளர். பெண்.

அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி போயிற்று. அந்த வரி எங்கெங்கே இருக்கிறது என்று அவள்தான் தேடித் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்; இப்போது அத்தனை இடத்திலிருந்தும் அது பத்து வயதுக் குரலில் பேசியது. பாடப்புத்தகத்தைப் பிரித்தால், யாரும் இல்ல. கட்டுரையைத் திறந்தால், யாரும் இல்ல. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அத்தனை மேசையிலும் அம்மா சின்னப் பெண்ணாக நின்றுகொண்டு பொய் சொல்வது போல இருந்தது. "வேர் வந்துடுச்சா மேடம்?" என்று கடைசி பெஞ்ச் கேட்டது. "இன்னும் இல்ல" என்றாள். சொல்லும்போது அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாலை கால்வாய்ச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கடைசிக் கதவு எங்கே இருந்திருக்கும் என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடத்துக்கும் நான்காவது தடத்துக்கும் நடுவில், வெள்ளைக் கோட்டின் மேல். வண்டிகள் அதன் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அவள் ரொம்ப நேரம் நின்றாள். வாகன இரைச்சலுக்குள் எங்கேயோ தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ லாரியின் பக்கவாட்டில் கையால் தட்டி வழி கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நானும் போயிட்டேன், நானும் போயிட்டேன் என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வந்து, சாவி கையில் இருந்தும், கதவைத் தட்டினாள்.

"இருக்கோம், இருக்கோம்! நாலு பேர் இருக்கோம்!"

பிறந்ததிலிருந்து கேட்ட குரல். அன்றைக்குத்தான் அது யாருக்குச் சொல்லப்படுகிற பதில் என்று அவளுக்குப் புரிந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சமாளித்தாள்.

பெரிய மேடத்திடம் நாடாவைப் பற்றி மட்டும் சொன்னாள், மீதியைச் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என்ன அநியாயம். ஒரு குழந்தை பயந்துபோய்ச் சொன்னதை வச்சா இவ்வளவும்?" என்றார். பிறகு தன் வேலைக்குத் திரும்பினார். "இதை எப்படிக் குறிப்பிடப் போற? அந்தக் குழந்தை யாருன்னு தெரிஞ்சா, இப்ப அவங்ககிட்டச் சம்மதம் வாங்கணும், பேரைப் போடலாமான்னும் கேக்கணும். யாருன்னு தெரியலைன்னா, 'அடையாளம் தெரியாத சிறுமி'ன்னு போட்டுடு. ரெண்டுல ஒண்ணு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது மேடம்."

அன்றைக்கு அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்ன மாதிரியே வந்தது அந்தப் பொய். ஒரு ஊரையே ஏமாற்றிய வரியைத் தோண்டி எடுத்துக் காட்டுகிற அத்தியாயம். அதற்குள் தானும் ஒரு பொய்யை அடிக்குறிப்பாகப் போடப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. போடுவது என்று முடிவு செய்துவிட்டாள். படிப்பு நாசமாய்ப் போகட்டும். அம்மா தன் வாயால்தான் தம்பிக்குத் தண்ணீர் நின்றது என்று தெரிந்துகொண்டு மீதி நாளை ஓட்ட வேண்டாம். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவள் வாயைத் திறக்காவிட்டால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏதோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அப்பா பாதிச் சாப்பாட்டில் ஓடியிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலை அம்மாவுக்கு. வார நாளில் மடித்த கை ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருக்காது, கரித்துணியைக்கூட நான்காக மடித்துத்தான் வைப்பாள். மகள் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, அடிக்குறிப்பை அடித்து முடித்தாள். 'அடையாளம் தெரியாத சிறுமி. களப்பதிவு, நாடா 11.' கமா, புள்ளி எல்லாம் சரியாக இருந்தது. பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதியது சரியா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள ஹெட்போனை மாட்டி, பொத்தானை அமுக்கினாள்.

சார்ஜரைச் செருகும்போது ஹெட்போன் ஒயரின் முனை பாதி கழன்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

செருப்புச் சத்தம் கூடத்துக்குள் நடந்து வந்தது. இளைஞரின் குரல் தேதியைச் சொன்னது. பிறகு கதவு தட்டப்பட்டது.

"இருக்கோம், இருக்கோம்!" அடுப்படியிலிருந்து அம்மா. "நாலு பேர்..."

"இங்க யாரும் இல்ல" என்றது லேப்டாப்.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் கை பொத்தானுக்கு மேல் நின்றது. ஒரே ஒரு விரல், அமுக்கினால் நின்றிருக்கும். இன்னும் நேரம் இருந்தது. அவள் அமுக்கவில்லை. அமுக்க முடியவில்லை என்று பிற்பாடு யாரிடமும் அவள் சாக்குச் சொன்னதில்லை. அந்தச் சின்னக் குரலை இத்தனை நாள் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குப் போதுமென்றாகிவிட்டது.

"அப்ப நீ?"

"நானும் போயிட்டேன்."

அம்மாவின் உதடு அந்த வார்த்தையோடு கூடவே அசைந்தது, சத்தமில்லாமல்.

"யாரு கொசுக்கா?"

அதட்டல். நாடா நின்றது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போனார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"திரும்பப் போடு."

போட்டாள். அம்மா முன்னால் இருந்த பேச்சையெல்லாம் கேட்கவில்லை. கடைசி வரிக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தாள். அது வந்ததும், "இன்னொரு தடவை" என்றாள். எத்தனை தடவை போட்டாள் என்று மகள் எண்ணவில்லை.

"சளி பிடிச்சிருந்துச்சு அன்னிக்கு" என்றாள் அம்மா. "மூக்கு அடைச்சிருக்கு பாரு. இந்தக் குரலே எனக்கு மறந்துபோச்சு. முகம் இருக்கு, குரல் இல்ல. எவ்வளவு யோசிச்சும் வரல, இத்தனை வருஷமா." முந்தானையை எடுத்தாள், ஆனால் கண்ணைத் துடைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். "யாருன்னு கேட்டான். நான் பதிலே சொல்லல. வாயைப் பொத்திட்டேன்."

"அம்மா, எல்லா வீட்டுலயும் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க. பெரியம்மா சொன்னாங்க. அதை ஆதாரம்னு எழுதினவர் தப்பும்மா அது. ஒரு குழந்தை கதவுக்குப் பின்னால நின்னு..."

"தண்ணிய ஏன் நிறுத்தினாங்கன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "குழாயை அடைக்க வந்த ஆளு கதவிடுக்குல என்னைப் பார்த்துக் கேட்டான், என்ன பாப்பா நீங்கள்லாம் இங்கதான் இருக்கீங்களா, யாரும் இல்லன்னு இருக்கே எங்க காகிதத்துலன்னு. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். எங்க அம்மாகிட்டயும் சொல்லல, அக்காகிட்டயும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

எதை மறைக்க இவள் தன் படிப்பையே பணயம் வைக்கத் துணிந்தாளோ, அதோடுதான் அம்மா இத்தனை வருஷமும் சமைத்தாள், துணி மடித்தாள், இவளைப் பெற்று வளர்த்தாள். மகள் போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

அம்மா லேப்டாப் திரையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அடையாளம் தெரியாத சிறுமி." பிறகு மகளைப் பார்த்தாள். "உனக்குமா தெரியல?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். மகள் அப்போதுதான் அழுதாள்.

"அதை அழி" என்றாள் அம்மா.

அழித்தாள். அந்த இடம் வெறுமையாக நின்றது.

"எழுது. அந்தத் தெருவுல ஆள் இருந்துச்சுன்னு எழுது. கடைசி வீட்டுல அப்ப ரெண்டு பேர் இருந்தோம். நானும்..." அம்மா நின்றாள். பொடியன்களைக்கூடச் சார் என்று கூப்பிட்டு இத்தனை வருஷம் அவள் தள்ளிவைத்திருந்த வார்த்தை அது. "நானும் என் தம்பியும்."